பாட்டும் கணக்கும்: வெகுசன இசை பற்றிய வர்த்தக எழுத்துகள் – ஒரு மதிப்பீடு

1

ஒரு செய்தி பத்திரிகையின் எந்தப் பக்கத்தில் இடம்பெறுகின்றது என்பதிலேயே, அச்செய்திக்குரிய பொருளைச் சமூகம் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றது என்பதும் ஓரளவு அடங்கியுள்ளது. முன்னர் கலைப் பக்கத்திலும் சினிமாப் பக்கத்திலும் பேசப்பட்டுவந்த வெகுசனப் பாடல்கள் கடந்த இரு தசாப்தங்களில் வர்த்தகப் பக்கத்திலும் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டன. ஒரு பாடகியின் இசைச்சுற்றுலா எத்தனை கோடி டொலர் ஈட்டிற்று, ஒரு பாட்டு எத்தனை கோடித் தடவை பார்க்கப்பட்டது, ஓர் ஒலிப்பதிவுக் கம்பனியின் பங்கு எவ்வளவு ஏறிற்று என்பன இன்று வங்கி வட்டிவீதத்துக்கும் தேயிலை விலைக்கும் அருகே அச்சாகின்றன.

இந்த இடமாற்றம் குறித்து எம்மிடையே இருவகை நோக்குகள் உள்ளன. கலையைப் பணத்தால் அளப்பதே இழிவு என்பது ஒன்று. மரபிசையில் ஊறியவர்களும், வேறு காரணங்களுக்காக இடதுசாரி விமர்சகர் சிலரும் இந்நிலைப்பாட்டில் ஒன்றுபடுவர். சந்தையில் வென்றதே மக்களுக்கு உகந்தது. ஆதலின் சந்தைக் கணக்கே உண்மையான விமர்சனம் என்பது மற்றையது. இவ்விரு நோக்குகளும் வெளித்தோற்றத்தில் முரண்பட்டாலும், ஓர் அம்சத்தில் ஒத்தவை. வர்த்தக எழுத்து இசையின் பொருளாதாரத்தைச் சரிவரக் கூறுகின்றது என்பதை இரண்டும் வினாவின்றி ஏற்றுக்கொள்கின்றன.

இக்கட்டுரை அந்த ஏற்பினையே வினாவுக்கு உட்படுத்த முனைகின்றது. வர்த்தகப் பத்திரிகைகள் பாட்டைப் பற்றிப் பணக்கணக்கில் பேசுவது குற்றமாகாது. அவை கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி, மறுபக்கத்தை வெறுமையாக விட்டுவிடுகின்றன என்பதே எமது குற்றச்சாட்டு. வரவு பெரிய எழுத்தில் அச்சாகின்றது. அவ்வரவு யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது கேட்கப்படுவதில்லை.

ஓட்டமாவடிக்கு அயலில் உள்ள வாழைச்சேனைக் காகித ஆலையை எடுத்துக்கொள்வோம். வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கிய ஆலை அது. அதைப் பற்றி எழுதப் புகுந்த ஒருவர், எத்தனை தொன் காகிதம் வெளிவந்தது என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் எம்மூரவர் அதனைக் கைத்தொழில் பற்றிய செய்தியாக மதித்திரார். வைக்கோலுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, தொழிலாளிக்கு என்ன கூலி, கழிவுநீர் எங்கே போகின்றது என்று கேட்டிருப்பர். பாட்டும் இன்று ஒரு கைத்தொழிற் பண்டம் என்று வர்த்தக எழுத்தாளரே கூறுவதால், கைத்தொழிலிடம் கேட்கப்படும் அதே வினாக்களைப் பாட்டிடமும் கேட்கும் கடப்பாடு அவர்களுக்கு உண்டு.

2

பாட்டை எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் இணையத்தோடு தோன்றியதன்று. அமெரிக்காவில் 1894 ஆம் ஆண்டு விளம்பரத் தட்டி ஒட்டும் தொழிலுக்கான சஞ்சிகையாகத் தொடங்கப்பட்டது ‘பில்போர்ட்’. அது படிப்படியாகக் கேளிக்கைத் தொழிலின் ஏடாகி, 1958 ஓகஸ்ற் மாதத்தில் நூறு பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. வியாபாரிகளின் உபயோகத்துக்காக ஏற்பட்ட பட்டியல், நாளடைவில் எது ‘பிரபலமான’ பாட்டு என்பதற்கான இலக்கணமாகவே மாறிற்று.

இவ்வரலாற்றில் எமது நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் 1952 ஆம் ஆண்டின் இறுதியில் அமீன் சயானி தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’, ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிய நிகழ்ச்சி. இந்தி சினிமாப் பாடல்களை, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் கொண்டு தரவரிசைப்படுத்தி அது ஒலிபரப்பிற்று. அகில இந்திய வானொலி அக்காலத்தில் சினிமாப் பாடல்களை ஒதுக்கி வைத்திருந்தமையால், உபகண்டத்தின் இசைச்சந்தைக்கு அளவுகோல் கொழும்பிலிருந்து சென்றது. விளம்பரதாரர், விற்பனை எண், நேயர் என்னும் மூன்றையும் ஒரே நிகழ்ச்சியில் பிணைத்த முறை எமக்கு அந்நியமானதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

அளவுகோல் பற்றி இன்னுமொரு செய்தி நோக்கற்பாலது. 1991 ஆம் ஆண்டு மே மாதம் வரை பில்போர்ட் தனது இசைத்தொகுப்புப் பட்டியலைக் கடைக்காரர் கூறும் தகவல்களைக் கொண்டே தயாரித்தது. அம்மாதம் முதல், விற்பனை மேசையில் பதிவாகும் உண்மையான எண்கள் பயன்படுத்தப்பட்டன. உடனடியாகப் பட்டியலின் முகமே மாறிற்று. நாட்டுப்புறச் சாயல் கொண்ட ‘கன்ற்றி’ இசையும், கறுப்பின இளைஞரின் ராப் இசையும் மேலேறின. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே ஒரு ராப் குழுவின் தொகுப்பு முதலிடத்தை எட்டியது. மக்களின் இரசனை ஒரு மாதத்தில் மாறிவிடவில்லை. கடைக்காரரின் நினைவிலும் விருப்பிலும் ஏற்கெனவே இடம்பெறாதிருந்தோர் எண்ணப்பட்டனர், அவ்வளவே. எண்ணிக்கை நடுநிலையானது என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குதல் வேண்டும். எண்ணும் முறையே ஒரு கருத்துநிலையைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

3

இன்றைய வர்த்தக எழுத்தின் உச்ச உதாரணம் டெய்லர் ஸ்விஃப்ட் பற்றியது. 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 நிகழ்ச்சிகளாக நடைபெற்ற அவரது இசைச்சுற்றுலா 200 கோடி டொலருக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பெற்றது. 2023 யூலையில் அமெரிக்க மத்திய வங்கியின் பொருளாதார நிலவர அறிக்கையில், பிலடெல்பியா நகர ஹோட்டல்களின் வருமான உயர்வுக்கு அவரது நிகழ்ச்சிகள் காரணமாகக் குறிப்பிடப்பட்டன. அதே ஆண்டு பியோன்சேயின் நிகழ்ச்சிகள் ஸ்ரொக்ஹோமில் நடந்தபோது, சுவீடனின் பணவீக்கத்தில் அவற்றுக்கும் பங்குண்டு என ஒரு வங்கியின் பொருளியலாளர் கூறினார். இக்கூற்றுகள் உலகெங்கும் மறுபிரசுரமாயின. பாடகி ஒரு தேசியப் பொருளாதாரத்துக்கு ஒப்பானவராக எழுத்தில் வளர்ந்தார்.

இவ்வெழுத்துகளில் மூன்று இயல்புகளை இனங்காணலாம்.

முதலாவது, வெற்றியே வெற்றிக்குக் காரணமாகக் கூறப்படுதல். ஒரு பாட்டு வென்றபின் அதன் ஒவ்வோர் அம்சமும் தந்திரோபாயமாக விளக்கப்படுகின்றது. அதே அம்சங்களைக் கொண்டிருந்தும் தோற்ற நூறு பாடல்கள் பற்றிப் பேச்சில்லை.

இரண்டாவது, செலவு யார் தலையில் விழுகின்றது என்பது மறைதல். நகருக்கு வந்த வருமானம் எனக் கூறப்படுவது இரசிகரின் பையிலிருந்து வெளியேறிய பணமே. அவர் வேறெதை வாங்காது விட்டார் என்பதும், நுழைவுச்சீட்டு இடைத்தரகரிடம் எத்தனை மடங்கு விலையேறிற்று என்பதும் அக்கூட்டலில் வருவதில்லை.

மூன்றாவது, உழைப்பு கொடையாக உருமாறுதல். 2023 இல் அச்சுற்றுலாவின் லொறிச் சாரதிகளுக்குத் தலா ஓர் இலட்சம் டொலர் வழங்கப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. அது பாடகியின் தாராள குணத்துக்குச் சான்றாகப் பரவலாகப் பாராட்டப்பட்டது. அச்சாரதிகளின் வழமையான கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்பதைப் பேசிய எழுத்துகள் மிக அரிது. கொடை செய்தியாகிறது, கூலி செய்தியாவதில்லை.

எனினும் நேர்மையான மதிப்பீடு மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். அதே பாடகியின் முதல் ஆறு இசைத்தொகுப்புகளின் மூல ஒலிப்பதிவுகள் 2019 இல் வேறொரு முதலீட்டாளரின் கைக்கு மாறியபோதும், 2020 இல் மீண்டும் விற்கப்பட்டபோதும், 2021 முதல் அவர் அத்தொகுப்புகளை ஒவ்வொன்றாக மீளப் பாடிப் பதிவு செய்தபோதும், இறுதியில் 2025 மே மாதம் மூலப்பதிவுகளை விலைகொடுத்து மீட்டபோதும், வர்த்தகப் பத்திரிகைகள் ஒரு பயனுள்ள பணியைச் செய்தன. பாட்டை எழுதியவரின் உரிமை வேறு, அப்பாட்டின் ஒலிப்பதிவுக்குரிய உரிமை வேறு என்பதைச் சாதாரண வாசகரும் அறிந்துகொண்டனர். பள்ளி மாணவியும் ஒப்பந்தம் பற்றிப் பேசினாள். எனவே வர்த்தக எழுத்தின் குறைபாடு அதன் இயல்பிலேயே பிறந்ததன்று. உடைமை யாருடையது என்ற வினாவை அது எழுப்பும்போது, எந்த இசை விமர்சகராலும் செய்ய முடியாததைச் செய்கின்றது. ஆனால் அவ்வினா எழுப்பப்படுவதற்கு, வழக்காடும் கலைஞர் உலகின் முதன்மையான நட்சத்திரமாக இருக்கவேண்டியிருந்தது என்பதே சிந்தனைக்குரியது.

4

இனி எமது மொழிச்சூழலுக்கு வருவோம். மூன்று பாடல்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2011 நவம்பரில் வெளியான ‘வை திஸ் கொலவெறி டி’, தனுஷ் எழுதிப் பாட அனிருத் இசையமைத்த சினிமாப் பாட்டு. அது பரவிய வேகம் இந்திய வர்த்தக ஏடுகளுக்கு ஒரு பாடநூல் உதாரணமாயிற்று. அகமதாபாத்திலுள்ள இந்திய முகாமைத்துவ நிறுவனம் அதனைத் தனது பாடநெறியொன்றில் எடுத்துக்கொள்வதாகவும் செய்தி வந்தது. சமூக ஊடகச் சந்தைப்படுத்தலின் மகத்தான வெற்றி என்பதே பொதுவான முடிபு. ஆனால் அப்பாட்டின் முதிராத வடிவம் ஒன்று முன்னரே இணையத்தில் கசிந்துவிட்டதும், அதன் பின்னரே உத்தியோகபூர்வப் பதிவு விரைந்து வெளியிடப்பட்டதும் அனைவரும் அறிந்த செய்தி. தற்செயலில் பிறந்ததும், பின்னர் கம்பனியால் திறமையாகக் கையாளப்பட்டதுமான ஒன்று, முழுமையும் திட்டமாகச் சொல்லப்பட்டது. 2012 மார்ச்சில் வெளியான ‘3’ திரைப்படம் பாட்டின் வெற்றிக்கு ஈடான வரவேற்பைப் பெறவில்லை. சந்தைப்படுத்தலே காரணமாயின் அது படத்தையும் தூக்கியிருக்கவேண்டும் அல்லவா? இவ்வினாவை எழுப்பியிருப்பின், தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் நகர இளைஞனின் பேச்சோசையை அப்பாட்டு எவ்வாறு மெட்டாக்கிற்று என்னும் உண்மையான விளக்கத்தை அணுகியிருக்கலாம். வர்த்தக எழுத்து அந்த வாயிலில் நின்றுவிட்டது.

இரண்டாவது, எமது நாட்டின் ‘மெனிகே மகே ஹிதே’. 2020 இல் சதீஷன் பாட வெளியான சிங்களப் பாட்டு இது. 2021 மே மாதத்தில் யொஹானியும் சதீஷனும் இணைந்து பாடிய புதிய வடிவம் இந்தியாவெங்கும் பரவிற்று. பாடகி ஓர் ‘ஏற்றுமதி’யாகவும், நாட்டின் வணிகச் சின்னமாகவும் எழுதப்பட்டார். 2022 இல் அப்பாட்டு ‘தேங்க் கோட்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் மறுவடிவம் பெற்றது. வரிகளை எழுதிய டுலான் ஏஆர்எக்ஸ், இசையைத் தயாரித்த சமத் சங்கீத் ஆகியோர் பெயர்கள் இக்கொண்டாட்டத்தில் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றன. அந்நியச் செலாவணிக்கு நாடு ஏங்கத் தொடங்கிய அக்காலத்தில், ஒரு பாட்டின் வழியாக உண்மையில் எவ்வளவு டொலர் நாட்டுக்குள் வந்தது, யாருக்கு வந்தது என்பது வர்த்தகச் செய்தியாளர் எவருக்கும் இயல்பாக எழவேண்டிய வினா. பார்வை எண்ணிக்கையே அவ்வினாவுக்கு விடையாகக் கொள்ளப்பட்டது.

மூன்றாவதே மிகவும் ஆழ்ந்து நோக்குதற்குரியது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியாயிற்று. ‘மாஜா’ என்னும் புதிய இசைத்தளத்தின் வெளியீடு அது. சினிமாவைச் சாராத தமிழ்ப்பாட்டு, 40 கோடித் தடவைகளுக்கு மேல் பார்க்கப்பட்டது. சினிமாவின் பிடியிலிருந்து பாடகர் விடுதலை பெறும் காலம் வந்துவிட்டது, சுதந்திர இசைக்குப் புதியதொரு வணிகமுறை பிறந்துவிட்டது என்றவாறு எழுத்துகள் பெருகின. இசைத்தொழில் பற்றிய சஞ்சிகைகளும் வர்த்தகப் பக்கங்களும் அதனை ஒரு முன்மாதிரியாக ஏற்றிப் போற்றின.

அப்பாட்டின் பொருளோ எமது நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தன் பாட்டியின் வாழ்வு அதற்கு ஊற்று என்று அறிவு கூறியுள்ளார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அம்மக்கள் இலக்கங்களாகவே இரு அரசாங்கங்களாலும் பங்கிடப்பட்டனர். அவர்கள் பறித்த கொழுந்து பற்றி அக்கால வர்த்தக ஏடுகள் எழுதாத வாரமில்லை. இலண்டன் ஏலத்தில் இறாத்தல் என்ன விலை, கொழும்பு ஏலத்தில் என்ன விலை என்று நுணுக்கமாக எழுதின. கொழுந்து பறித்த கை எவருடையது என்பது அப்பத்தியில் இல்லை. உழைத்தும் உடைமை பெறாத ஒரு பரம்பரையின் பாட்டு, அதே வகையான எழுத்தின் கையில் சிக்கியபோது என்ன நேர்ந்தது என்பதே எமது வினா.

2021 ஓகஸ்ற்றில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’வின் அட்டைப்படத்தில் தீயும், ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்தபின் அறிவுக்கெனத் தனி இணைய அட்டை வெளியாயிற்று. 2022 யூலையில் மாமல்லபுரச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அறிவு இன்றி அப்பாட்டு மேடையேறியபோது, ஆக்கவுரிமை யாருடையது என்னும் பிணக்குப் பகிரங்கமாயிற்று. அப்போது வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமமானவை என்று கூறப்பட்டது. 2024 மார்ச்சிலோ, மூன்றாண்டு நிறைவில், அப்பாட்டினால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகத் தெரிவித்தார். இது ஒரு தரப்பின் கூற்று. அதன் மெய்ம்மையைத் தீர்ப்பது எமது வேலையன்று. நிறுவனத்தைக் குற்றவாளியாக நிறுத்துவதும் எமது நோக்கமன்று. எமது கரிசனை வேறு. மூன்றாண்டுகள் ‘வெற்றிகரமான வணிகமுறை’ என்று எழுதிக்கொண்டிருந்தோர், அம்முறையின் கணக்கு எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதை அந்த மூன்றாண்டில் விசாரித்திருப்பின், இச்செய்தி கலைஞரின் வாயிலிருந்து வருமுன் பத்திரிகையில் வந்திருக்கும். பருத்தி ஆலையொன்று மூன்றாண்டு கூலி கொடுக்கவில்லை என்று குற்றச்சாட்டு எழுமாயின், அவ்வாலையைப் புகழ்ந்த வர்த்தகப் பத்திரிகை தன் நிருபரை நோக்கி ஏதேனும் கேட்டிருக்கும். பாட்டு விடயத்தில் அவ்வாறு எவரும் கேட்கவில்லை.

5

இப்புறக்கணிப்புக்கு ஒரு காரணம், பணம் செல்லும் வழி சிக்கலானது என்பதாகும். ஆனால் விளக்க முடியாத சிக்கல் அன்று அது. ஓட்டமாவடிக் கடையொன்றில் வேலைபார்க்கும் இளைஞன், இரவில் கடை அடைத்தபின் தன் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைக் கேட்கிறான் எனக் கொள்வோம். அவன் முதலிற் செலுத்தும் பணம் ‘ரீலோட்’ ஆகத் தொலைபேசிக் கம்பனிக்குப் போகிறது. அதில் பாட்டுக்கென ஒரு பங்கு பிரிக்கப்படுவதில்லை. அவன் இலவசமாகக் கேட்பதால், விளம்பரதாரர் செலுத்தும் கட்டணமே பாட்டுக்குரிய வருமானம். அக்கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும். நியூயோர்க்கில் ஒருவர் கேட்பதற்கும் ஓட்டமாவடியில் ஒருவர் கேட்பதற்கும் எண்ணிக்கையில் ஒரே மதிப்பு. பணத்தில் அதே மதிப்பு இல்லை. ‘கோடி பார்வைகள்’ என்னும் தலைப்பு இவ்வேறுபாட்டை முற்றாக விழுங்கிவிடுகின்றது.

சந்தா செலுத்தும் சேவைகளிலும் நிலைமை எளிதன்று. இலங்கைக்கு 2021 பெப்ரவரியில் வந்த ஸ்பொட்டிஃபை போன்றவை, திரட்டிய வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளருக்கென ஒதுக்கி, மொத்தமாகக் கேட்கப்பட்ட தடவைகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ள விகிதப்படி பங்கிடுகின்றன. எனவே ஒருவர் மாதம் முழுவதும் ஒரே பாடகரைக் கேட்டாலும், அவரது சந்தா முழுவதும் அப்பாடகருக்குப் போவதில்லை. அது பொதுக் குளத்திற் கலந்து, அதிகம் கேட்கப்பட்டோரை நோக்கிப் பாய்கின்றது. 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1,000 தடவைகளேனும் கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு அங்கே பங்கே இல்லை. ‘உரிமையாளர்’ என்ற சொல்லும் பாடகரைக் குறிப்பதன்று. ஒலிப்பதிவின் உரிமை கம்பனியிடம் இருப்பின் பணம் கம்பனிக்குப் போகும். முற்பணம் கழிக்கப்பட்டு, ஒப்பந்தம் கூறும் வீதமே பாடகரை அடையும். உலக ஒலிப்பதிவுத் தொழில் 2024 இல் 2,960 கோடி டொலர் ஈட்டிற்று என்று அத்தொழிலின் சர்வதேசச் சம்மேளனம் அறிவித்தபோது, அவ்வெண் எங்கும் அச்சாயிற்று. அவ்வெண்ணுக்குக் கீழே நிகழும் மேற்படி பங்கீட்டை ஒரு பத்தியிலேனும் விளக்கிய ஏடுகள் எத்தனை என்பதை வாசகரே எண்ணிப்பார்க்கலாம்.

6

எண்ணப்படும் இசையின் கணக்கே இவ்வாறாயின், எண்ணப்படாத இசை பற்றி என்ன கூறுவது? கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் வீடுகளில் பல தசாப்தங்களாக ஒலித்த குரல் நாகூர் இ. எம். ஹனிபாவினுடையது. அவரது பாடல்கள் இசைத்தட்டிலும் பின்னர் கசெற்றிலும் வந்து, கடைகளில் பிரதி எடுக்கப்பட்டு, நோன்பு மாதத்திலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் முழங்கின. வெகுசன இசை என்ற தொடருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அரிது. ஆயின் அக்கசெற்றுகள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. எந்த வர்த்தகப் பக்கத்திலும் இடம்பெறவில்லை. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலானோர் பாடிய துள்ளிசைப் பாடல்களுக்கும் ஏறத்தாழ இதே கதிதான். ‘சுராங்கனி’ கடல் கடந்து பல மொழிகளில் பாடப்பட்டது. அப்பயணத்தில் எவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை எழுதிவைத்த வர்த்தக வரலாறு எம்மிடம் இல்லை.

இவற்றுக்கும் அடியில் இருப்பது வயலிலும் வாடியிலும் பிறந்த கவிப்பாடல். மச்சானும் மச்சியும் மாறி மாறிப் பாடுவதாக அமையும் இக்கவிகள் மட்டக்களப்பு வாவியை அண்டிய தமிழ், முஸ்லிம் மக்கள் இருசாராருக்கும் பொதுவான சொத்து. பண்டிதர் வீ. சீ. கந்தையா தமது ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) நூலில் இவற்றின் வளத்தை எடுத்துக்காட்டினார். நாளை ஓர் இசையமைப்பாளர் இவ்வோசையை எடுத்து உலகெங்கும் பரவும் பாட்டொன்றை ஆக்கக்கூடும். ஆக்கட்டும், அதனால் கவி புதுவாழ்வு பெறலாம். ஆயின் அப்போது ‘மண்ணின் இசை உலகை வென்றது’ என்னும் தலைப்பு வருவதற்கு முன், அம்மண்ணுக்கு என்ன வந்தது என்று கேட்க எவரேனும் இருத்தல் வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. வணிக நோக்கில் அவற்றைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் அறவிடவும் இடம் வைத்துள்ளது. இப்படியொரு ஏற்பாடு உள்ளதென்பதை அறிந்து வினவும் வர்த்தக நிருபர் இல்லாதவரை, அது சட்டப் புத்தகத்திலேயே உறங்கும்.

7

அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் ‘கலாசாரக் கைத்தொழில்’ என்னும் எண்ணக்கருவை முன்வைத்தபோது, வெகுசன இசை ஒரேவிதமான பண்டமாகிவிட்டது என்று கவலைப்பட்டனர். அவர்களது வாதத்தை முழுமையாக ஏற்கவேண்டியதில்லை. ஹனிபாவின் குரலைக் கேட்டுக் கண்கலங்கிய தாயை ஏமாற்றப்பட்ட நுகர்வோர் என்று கூற எமக்கு மனம் ஒப்பாது. ஆனால் ‘கைத்தொழில்’ என்ற அவர்களது சொல் ஒரு கடமையைச் சுட்டுகின்றது. கைத்தொழிலாயின் அங்கே உழைப்பு உண்டு, உடைமை உண்டு, பங்கீடு உண்டு. அவற்றை ஆராய்வது அவசியம்.

எனவே, வெகுசன இசை பற்றிய எந்த வர்த்தக எழுத்தையும் நான்கு வினாக்களால் மதிப்பிடலாம். இப்பாட்டை ஆக்கியோர் யார் யார், அவர்கள் அனைவரும் பெயர் குறிக்கப்பட்டுள்ளனரா? ஆக்கத்தின் உரிமையும் ஒலிப்பதிவின் உரிமையும் யாரிடம் உள்ளன? கூறப்படும் எண் பணத்தைக் குறிக்கிறதா, வெறும் தடவைகளைக் குறிக்கிறதா? அப்பணம் எப்போது, எந்த வீதத்தில் பங்கிடப்படுகின்றது? இவற்றுக்கு விடை தராத எழுத்து, எத்தனை எண்களைக் கொண்டிருந்தாலும், கம்பனியின் விளம்பரத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பதேயாகும்.

எமது தமிழ்ப் பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கங்கள் பெரும்பாலும் கம்பனிகள் அனுப்பும் செய்திக் குறிப்புகளாலும், கைலாகு கொடுக்கும் படங்களாலும் நிரம்புகின்றன. இசை பற்றி அவை இன்னும் அதிகம் பேசத் தொடங்கவில்லை. இதனை ஒரு குறையாக மட்டும் கருதாது, ஒரு வாய்ப்பாகவும் கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமும் கணக்கியலும் பயிலும் மாணவர் ஒருபுறம், தமிழும் நாட்டாரியலும் பயிலும் மாணவர் மறுபுறம், ஒருவர் பாடத்தை மற்றவர் அறியாது கற்று வெளியேறுகின்றனர். கவியின் மெட்டை அறிந்தவருக்கு ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியாது. ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குக் கவி எவருடையது என்று தெரியாது. இவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே ஒரு பாட்டின் வரவுசெலவை முழுமையாக எழுதிப் பார்ப்பாராயின், தமிழில் இத்துறைக்குரிய முதல் உருப்படியான விமர்சனம் அதுவாகவே இருக்கும்.